விசிலும் ஊர் விட்டு ஊர் போகும்

சென்னையிலிருந்து மும்பை, புனே பக்கம் போகும் ரயில் பாதை அரக்கோணத்தில் வடக்கே திரும்பி, திருத்தணியைத் தாண்டித்தான் ரேணிகுண்டாவுக்குப் போகிறது. ஆடிக் கிருத்திகை வந்தால் திருத்தணி நிலையம் முழுக்க மஞ்சள்தான். மஞ்சள் உடை, தோளில் காவடி, வாயில் அரோகரா.

2018 ஏப்ரல் 19, வியாழக்கிழமை காலை, சென்னை சென்ட்ரலில் வேறொரு மஞ்சள் கூட்டம் ரயில் ஏறியது. தோளில் காவடி இல்லை, வாயில் விசில் இருந்தது. சென்னை சூப்பர் கிங்ஸ் ரசிகர்கள் சுமார் ஆயிரம் பேர், ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் புனேவுக்குப் புறப்பட்டார்கள். அந்தச் சிறப்பு ரயிலுக்கு வைத்த பெயர், ‘விசில் போடு எக்ஸ்பிரஸ்’.

வெளியூரில் நடக்கும் ஆட்டத்தைப் பார்க்க ரசிகர்கள் கூட்டமாகப் போவது உலகம் முழுக்க உண்டு. ஆனால், இவர்கள் பார்க்கப் போனது வெளியூர் ஆட்டம் இல்லை. கணக்குப்படி அது சென்னையின் சொந்த ஊர் ஆட்டம்! சொந்த ஊர் ஆட்டத்தைப் பார்க்க எதற்கு ஒன்றரை மாநிலம் தாண்ட வேண்டும்?

அந்தக் கதை அதற்கு இரண்டு மாதம் முன்பு தொடங்குகிறது.

தண்ணீரும் கிரிக்கெட்டும்

2018 பிப்ரவரி 16 அன்று காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டுக்கான பங்கு 192 டி.எம்.சி-யிலிருந்து 177.25 டி.எம்.சி-யாகக் குறைந்தது. தண்ணீரைப் பங்கிட ஆறு வாரத்துக்குள் ஓர் ஏற்பாடு செய்யச் சொன்னது நீதிமன்றம். ஆறு வாரம் ஓடியது. காவிரி மேலாண்மை வாரியம் வரவில்லை. தமிழ்நாடு தெருவில் இறங்கியது.

அதே நேரத்தில், இரண்டு ஆண்டு தடை முடிந்து சென்னை அணி ஐ.பி.எல்-லுக்குத் திரும்பியிருந்தது. ஏப்ரல் 7 அன்று மும்பை வான்கடேயில் தொடக்க ஆட்டம். 166 ரன் தேவை. ஆட்டம் கைவிட்டுப் போனது என்று எல்லோரும் நினைத்தபோது பிராவோ 30 பந்தில் 68 ரன் அடித்தார். காயத்தோடு வெளியேறிய கேதார் ஜாதவ் திரும்ப வந்து, ஒரு பந்து மீதமிருக்க முடித்துவைத்தார். வீட்டுக்கு வீடு கொண்டாட்டம்.

மூன்று நாள் கழித்து, ஏப்ரல் 10 அன்று, சேப்பாக்கத்தில் ஆட்டம். வெளியே போராட்டம், உள்ளே விசில். ஆட்டத்தின் நடுவே மைதானத்துக்குள் காலணி வந்து விழுந்தது. அன்றைய ஆட்டத்திலும் சென்னை ஜெயித்தது. ஆனால், மிச்சமிருந்த ஆறு சொந்த ஊர் ஆட்டங்களும் புனேவுக்கு மாற்றப்பட்டன.

அந்த வாரம் தமிழ்நாட்டில் பல வீடுகளில் சாப்பாட்டு நேரத்துப் பேச்சு இதுதான். “விவசாயி தண்ணிக்காக ரோட்டுல நிக்கிறான், உனக்கு மேட்ச் கேக்குதா?” என்று அப்பா கேட்பார். “மேட்சை நிறுத்துனா தண்ணி வந்துடுமாப்பா?” என்று பிள்ளை கேட்பான். இரண்டு கேள்வியிலும் நியாயம் இருந்தது. கோபப்பட்டவர்களும் விசில் அடித்தவர்களும் வேறு வேறு ஆட்கள் இல்லை. ஒரே வீட்டில், ஒரே தட்டில் சோறு தின்றவர்கள். ஒரே ஆள் காலையில் ஊர்வலத்திலும் மாலையில் டி.வி முன்னாலும் இருந்ததும் உண்டு.

தங்கள் ஊரில் ஆட்டம் இல்லை என்றானதும், ரசிகர் குழுவினர் புனேவுக்கே வருகிறோம் என்றார்கள். அணி நிர்வாகம் ரயில், சாப்பாடு, தங்க இடம், ஆட்டத்துக்கான டிக்கெட் எல்லாவற்றையும் ஏற்பாடு செய்தது.

ஏப்ரல் 20 இரவு. புனே நகரத்துக்கு வெளியே, மும்பை போகும் நெடுஞ்சாலை ஓரம் இருக்கும் கஹுஞ்சே மைதானம். எதிரணி ராஜஸ்தான். பல ஆண்டுகள் ராஜஸ்தானுக்காகவே ஆடிய ஷேன் வாட்சன், அந்த அணியையே பிய்த்து உதறினார். 57 பந்தில் 106 ரன். சென்னை 204, ராஜஸ்தான் 140. வெற்றி 64 ரன் வித்தியாசத்தில்.

டி.வி-யில் பார்த்தவர்களுக்கு ஒரு நிமிடம் குழப்பம் வந்திருக்கும். ஆட்டம் நடப்பது புனேவிலா, சேப்பாக்கத்திலா? காதில் கேட்டது அதே விசில்.

ஊர் எங்கே இருக்கிறது?

இந்தக் கேள்வியைத் திருத்தணிக்காரர்களிடம் கேட்டால், மற்ற ஊர்க்காரர்களைவிட நன்றாகப் பதில் சொல்வார்கள். 1953-ல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது, சித்தூர் மாவட்டத்தோடு சேர்ந்து திருத்தணியும் அந்தப் பக்கம் போனது. மலை நகரவில்லை, படி நகரவில்லை, முருகன் நகரவில்லை. ஆனால், ஊர் மட்டும் வெளியூர் ஆகிவிட்டது. ம.பொ.சி-யும் மங்கலங்கிழாரும் மற்றவர்களும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டம், பிறகு படாஸ்கர் குழுவின் பரிந்துரை. கடைசியில் 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி இந்தப் பக்கம் வந்தது.

ஏழு வருடம் ஊர் மாறியது, மக்கள் மாறவில்லை. புனேவிலும் அதேதான் நடந்தது. மைதானம் மாறியது, ஆட்கள் மாறவில்லை. ஆட்கள் எங்கே கூடுகிறார்களோ அதுதான் சொந்த ஊர்.

கால்பந்திலும் இப்படி ஓர் இரவு உண்டு. அதே 2018-ல், மார்ச் 17 அன்று, ஐ.எஸ்.எல் இறுதி ஆட்டம். பெங்களூரு கண்டீரவா மைதானம். எதிரணி பெங்களூருவேதான். காவிரிப் பிரச்சினை சூடாக இருந்த நேரம். ஒன்பதாவது நிமிடத்தில் சுனில் சேத்ரி கோல் போட்டதும் மைதானமே அதிர்ந்தது. பிறகு சென்னையின் எஃப்.சி-யின் மெயில்சன் ஆல்வெஸ் இரண்டு, ரஃபேல் அகஸ்டோ ஒன்று. முடிவில் 3-2. எதிரியின் வீட்டிலேயே கோப்பையைத் தூக்கினார்கள்.

வெளியூர்க் கூட்டத்தில் நாம் நூறு பேர், எதிரில் இருபதாயிரம் பேர் என்றால், கத்தும் சத்தத்தில் ஜெயிக்க முடியாது. ஆனால், ஒவ்வொரு குரலும் ஆடுகிறவன் காதில் தனியாக விழும். அதற்காகத்தான் போகிறார்கள். இங்கிலாந்தில் வெளியூர் ரசிகர் இல்லாமல் ஆட்டம் களைகட்டாது என்பதை உணர்ந்து, பிரீமியர் லீக் அணிகள் 2016 முதல் அவர்களுக்கான டிக்கெட் விலை 30 பவுண்டைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கின்றன. நம் ஊரில் அப்படி எதுவும் இல்லை. இங்கே வெளியூர் ரசிகர் தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

திட்டம் போடும் நேரம்

சரி, திருத்தணியில் கல்லூரி மாணவர்கள் ஐந்து பேர், அடுத்த சீசனின் தொடக்க ஆட்டத்துக்குப் பெங்களூரு போகத் திட்டம் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். டீக்கடையில் முதல் கேள்வி என்னவாக இருக்கும்? “பைக்கா, ரயிலா?”

அது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, ஆட்டத்துக்கு டிக்கெட் இருக்கிறதா என்பதுதான். “அங்க போய்ப் பாத்துக்கலாம்டா” என்று ஒருவன் சொல்வான். அவனை அங்கேயே நிறுத்துங்கள். 2025 ஜூன் 4 அன்று பெங்களூரு சின்னசாமி மைதானத்துக்கு வெளியே, கோப்பை வென்ற அணியைப் பார்க்கத் திரண்ட கூட்டத்தில் நெரிசல் ஏற்பட்டு 11 பேர் இறந்தார்கள். கொண்டாடப் போனவர்கள். அந்த 11 வீடுகளிலும் யாரோ ஒருவர் ராத்திரி சாப்பாடு எடுத்து வைத்துக் காத்திருந்திருப்பார். டிக்கெட் இல்லையென்றால் மைதானத்து வாசலுக்குப் போகக் கூடாது. டி.வி-யில் பார்ப்பது அவமானம் இல்லை.

அடுத்தது ரயில். இப்போது 60 நாள் முன்பிருந்துதான் முன்பதிவு. ஆட்ட அட்டவணை தாமதமாக வந்தால் தட்கல்தான் கதி. பயணத்துக்கு முந்தைய நாள் காலை ஏ.சி-க்கு 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. திருத்தணிக்காரர்களுக்கு அரக்கோணம் பக்கத்திலேயே இருப்பது வசதி. பெங்களூரு ரயில்கள் அங்கிருந்து காட்பாடி வழியாகப் போகின்றன. போகிற டிக்கெட்டை எடுக்கும்போதே வருகிற டிக்கெட்டையும் எடுத்துவிட வேண்டும். போகிற ஆசையில் வருகிற வழியை மறப்பதுதான் இளைஞர்கள் வழக்கமாகச் செய்யும் தப்பு.

பைக்கில்தான் போவோம் என்று அடம்பிடித்தால், ஒரே ஒரு நிபந்தனை: ஆட்டம் முடிந்த இரவில் திரும்பி ஓட்டக் கூடாது. இரவு ஆட்டம் முடிய 11 மணி தாண்டும். கத்திக் களைத்த உடம்பு, தூக்கம் சொக்கும் கண், எதிரே லாரி விளக்கு. பெங்களூருவிலேயே படுத்துவிட்டு விடிந்ததும் கிளம்புவதில் யாருக்கும் நஷ்டம் இல்லை.

பெரும்பாலான மைதானங்களில் பை, தண்ணீர் பாட்டில், பவர் பேங்க் எதையும் உள்ளே விடுவதில்லை. டிக்கெட் போனில் இருக்கும். போனில் சார்ஜ் போய்விட்டால் டிக்கெட்டும் போச்சு. வாட்ஸ்அப்பில் “ரெண்டு டிக்கெட் இருக்கு, ஜிபே பண்ணுங்க” என்று வருவதை நம்பிப் பணம் அனுப்பக் கூடாது. வீட்டில் ஒருவருக்கு எந்த ரயில், எந்த லாட்ஜ், கூட வருகிறவர்கள் யார் யார் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

“அம்மா, மேட்ச் பாக்கப் போறேன்” என்றால், “எத்தனை பேர்டா போறீங்க?” என்றுதான் அம்மா முதலில் கேட்பார். அது சந்தேகக் கேள்வி இல்லை. போகிறபோது எத்தனை தலை என்று தெரிந்தால்தான், வருகிறபோது எண்ணிப் பார்க்க முடியும்.

திருத்தணிக்கு நடந்து வரும் பாத யாத்திரைக் குழுக்களைக் கவனித்தால் இது புரியும். பாட்டு பாடுகிறவர் ஒருவர், மோர் கொடுக்கிறவர் ஒருவர் என்று இருந்தாலும், தலை எண்ணுகிறவர் ஒருவர் நிச்சயம் இருப்பார். டிசம்பர் 31 இரவு படித் திருவிழாவில் 365 படியையும் ஒவ்வொன்றாகப் பாடிக்கொண்டே ஏறுகிறார்கள். அவசரப்பட்டு ஓடுகிறவனுக்கு அங்கே மரியாதை இல்லை.

புனே போன அந்த ஆயிரம் பேரின் அணி, அதே ஆண்டு மே 27 அன்று மும்பையில் கோப்பையை வென்றது. அதற்குள் காவிரிப் பிரச்சினையும் நகர்ந்திருந்தது. ஜூன் தொடக்கத்தில் காவிரி மேலாண்மை ஆணையம் அரசிதழில் வந்தது. அடுத்த ஆண்டு, 2019 மார்ச் 23 அன்று, ஐ.பி.எல் தொடக்க ஆட்டமே சேப்பாக்கத்தில். எதிரணி பெங்களூரு. 70 ரன்னில் சுருண்டது. ஊர் விட்டுப் போன விசில் ஊருக்கே திரும்பியிருந்தது.

அடுத்த தொடக்க ஆட்டத்துக்குக் கிளம்பும் ஐந்து பேரும் அப்படித்தான் திரும்ப வேண்டும். ஜெயித்தாலும் தோற்றாலும், அரக்கோணத்தில் இறங்கும்போது ஒருவன் எண்ண வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து.