எரிந்தது காகிதம், பிழைத்தது உரிமை!

அரசாங்க ஆபீசில் ஒரு கட்டுக் காகிதம் காணாமல் போகிறது. அல்லது கரையான் தின்றுவிடுகிறது. "போனது காகிதம்தானே" என்று இருந்துவிடலாமா? கூடாது! ஒருவருடைய பென்ஷன் அதில் இருக்கும். இன்னொருவருடைய நிலம் அதில் இருக்கும்.

அமெரிக்காவில் தீ

1973-ம் ஆண்டு ஜூலை 12-ந் தேதி. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகருக்கு அருகே 6 மாடிக் கட்டிடம் ஒன்றில் தீப்பிடித்தது. ராணுவ வீரர்களின் பணிக் காகிதங்கள் அங்கே இருந்தன. உச்சி மாடி எரிந்து நாசமாயிற்று. 1 கோடியே 60 லட்சத்துக்கும் அதிகமான கோப்புகள் போயின. அவற்றுக்கு நகல் கிடையாது! 1912 நவம்பர் முதல் 1959 முடிய தரைப்படையை விட்டு வந்தவர்களில் 100-க்கு 80 பேரின் காகிதம் அழிந்தது. இரண்டு உலகப் போர்களிலும் போரிட்டவர்கள் இதில் அடக்கம்.

அதிகாரிகள் இழப்பை மறைக்கவில்லை. எந்தப் படை, எந்த ஆண்டுக் காகிதம் போயிற்று என்று அறிவித்தார்கள். நனைந்த கட்டுகளை எடுத்து உலர்த்தினார்கள். சுமார் 65 லட்சம் கோப்புகள் மீட்கப்பட்டன. மற்றவர்களுக்கு, வேறு இடங்களில் இருந்த சம்பளக் கணக்கு, ஆஸ்பத்திரிக் குறிப்பு ஆகியவற்றைத் தேடி எடுத்துச் சான்று தந்தார்கள். போனது எது என்று தெரிந்தது; அதனால் தேட வழி பிறந்தது.

நம் நாட்டுச் சட்டம்

இந்தியாவிலும் இதற்குச் சட்டம் உண்டு. 1993-ம் ஆண்டின் பொது ஆவணச் சட்டம் அது. மத்திய அரசு ஆபீஸ்களில் ஆவணங்களைக் காக்க ஓர் அதிகாரி இருக்கவேண்டும். அனுமதி இல்லாமல் ஆவணத்தை யாராவது எடுத்துச் சென்றாலும், அழித்தாலும், திருத்தினாலும் அவர் சும்மா இருக்கக்கூடாது. உடனே மீட்க முயலவேண்டும். ஆவணக் காப்பகத்தின் தலைவருக்குத் தாமதம் இன்றி எழுத்தில் தெரிவிக்கவேண்டும். சட்டத்தை மீறி ஆவணத்தை அழித்தவருக்கு 5 ஆண்டு வரை சிறை, அல்லது 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம்.

"கிடைக்கவில்லை" என்றால்?

தகவல் கேட்பவரிடம் "கோப்பு கிடைக்கவில்லை" என்று கைவிரித்தால் என்ன செய்வது? 2013-ம் ஆண்டு டெல்லி ஐகோர்ட்டு இதற்கு விடை சொன்னது. ஒரு காலத்தில் இருந்த காகிதம் என்றால் நன்றாகத் தேடவேண்டும். கிடைக்காவிட்டால், யார் பொறுப்பு என்று விசாரிக்கவேண்டும்.

ஆகவே வாய்ச்சொல்லோடு திரும்பிவிடாதீர்கள். பதிலை எழுத்தில் கேளுங்கள். வீட்டில் உள்ள பத்திரம், ரசீது, சான்றிதழ்களுக்கு நகல் எடுத்து வேறு இடத்தில் வையுங்கள். காகிதம் போனது ஒரு நஷ்டம். அதை மறைப்பது அதைவிடப் பெரிய நஷ்டம்!