மதிப்பெண் குறைந்தவர்களுக்கு மட்டுமா கைத்தொழில்?

"ஒழுங்காகப் படிக்கவில்லை என்றால் உளியைத்தான் பிடிக்க வேண்டும்."

என் தாத்தா இதை என்னிடம் எத்தனை முறை சொல்லியிருப்பார் என்பதற்குக் கணக்கே இல்லை. வேடிக்கை என்னவென்றால், அவரே நாற்பது ஆண்டுகள் உளி பிடித்தவர். பேராக்கில் ஒரு தோட்டத்தில் தச்சராக இருந்தவர். அந்த உளிதான் என் அப்பாவையும் இரண்டு அத்தைகளையும் படிக்க வைத்தது.

நானும் படித்தேன். இப்போது பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் இரண்டாம் ஆண்டு. கணினியில் ஒரு நாற்காலியை வரையச் சொன்னால் அரை மணி நேரத்தில் வரைந்துவிடுவேன். ஆனால், சென்ற பருவ விடுமுறையில் தாத்தா வீட்டுப் பின்கதவு மழையில் ஊறி, மூட முடியாமல் இறுகிக்கொண்டது. தாத்தாவுக்கு இப்போது கை நடுக்கம். அவருடைய இழைப்புளியை எடுத்து நான் தள்ளினேன். மரம் சீவப்படவில்லை, பிய்ந்து வந்தது.

"நார் எந்தப் பக்கம் ஓடுதுன்னு பார்க்காம தள்ளுறியேம்மா" என்றார் தாத்தா.

அந்த இழைப்புளி கடையில் வாங்கியது அன்று. இரும்பு அலகை மட்டும் வாங்கி, உடலை மெர்பாவ் மரத்துண்டில் அவரே குடைந்து செய்தது. பிடிக்கும் இடம் அவருடைய உள்ளங்கைக்கு ஏற்பத் தேய்ந்திருக்கிறது. என் கைக்கு ஏற்ற ஒன்றைச் செய்யக் கற்றுத் தரும்படி கேட்டேன். "படிக்கிற பிள்ளைக்கு இது எதுக்கு?" என்று இரண்டு நாள் தட்டிக் கழித்தார். மூன்றாம் நாள் கருவிப் பெட்டியைத் திறந்தார்.

இழைப்புளியின் அமைப்பு எளிது. ஒரு மரக்கட்டை, அதில் 45 பாகைச் சாய்வில் படுத்திருக்கும் அலகு, அலகை இறுக்கும் ஆப்பு, சீவல் மேலே வருவதற்கு அடியில் ஒரு குறுகிய வாய். அந்த வாயில்தான் சூட்சுமம். அகன்றுவிட்டால் அலகு வெட்டுவதற்கு முன்பே மரம் பிளந்து பிய்யும். மிகவும் குறுகினால் சீவல் அடைத்துக்கொள்ளும். முதல் கட்டையில் நான் உளியை ஓங்கிவிட்டேன். வாய் அகன்று, கட்டை வீணானது.

இரண்டாம் கட்டைக்கு நான் ஒரு வழி தேடினேன். அமெரிக்காவில் பல்லாண்டு மரவேலை கற்பித்த ஜேம்ஸ் கிரெனோவ் பரவலாக்கிய முறை அது. கட்டையை நீளவாக்கில் மூன்றாக அறுத்து, நடுத்துண்டில் மட்டும் சாய்வுகளை வெட்டி, மூன்றையும் மீண்டும் சேர்த்து ஒட்டிவிட வேண்டும். கைப்பேசியில் படத்தைப் பார்த்த தாத்தா, "குடையிற வேலை மிச்சம். கெட்டிக்காரன்தான்" என்றார். ஒட்டியபின் அலகைச் சாணைக்கல்லில் தீட்டப் பழகவே எனக்கு ஒரு வாரம் ஆனது. பிறகு கதவை இழைத்தேன். தாள் போன்ற சீவல் சுருண்டு வந்தது. கதவு மூடியது.

மரம் ஈரத்தை உறிஞ்சினால் அகலத்தில் ஊதும். நீளத்தில் ஏறக்குறைய மாறாது. பாடத்தில் இதைப் படித்துத் தேர்வும் எழுதியிருக்கிறேன். ஆனால், அந்தக் கதவு ஏன் பக்கவாட்டில் மட்டும் இடித்தது என்பது கையில் இழைப்புளி இருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. என் கணினித் திரையில் மரம் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரிதான் இருந்தது.

இயந்திரம் இருக்கும்போது இது வீண்வேலை என்று சிலர் சொல்லலாம். மூவார் தளவாடத் தொழிற்சாலைகளின் வேகத்தோடு எந்தக் கையும் போட்டியிட முடியாது. ஒப்புக்கொள்கிறேன். எல்லாரும் தச்சராக வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. ஆனால், நாருக்கு எதிராகப் பலகையைக் கொடுத்தால் இயந்திரமும் மரத்தைப் பிய்க்கத்தான் செய்யும். மரத்தை அறிந்த ஒருவர் அங்கேயும் தேவை.

ஜப்பானின் இசே ஆலயத்தை 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிதாகக் கட்டுகிறார்கள். கடைசியாக 2013இல் கட்டினார்கள். மூத்த தச்சரின் கைத்திறன் இளையவருக்குப் போய்ச் சேர அதுவும் ஒரு வழியாகிறது. ஒரு தலைமுறை விட்டுவிட்டால் திறன் அறுந்துபோகும் என்பது அவர்களுக்குத் தெரியும். மரக்கட்டட மரபுத் திறன்களை யுனெஸ்கோ 2020இல் மனிதகுல மரபுப் பட்டியலில் சேர்த்தது.

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? எஸ்.பி.எம். முடிவு வந்ததும், மதிப்பெண் குறைந்த பிள்ளைக்கு மட்டும்தான் தொழிற்திறன் கல்வியைப் பரிந்துரைக்கிறோம். அதையும் ஆறுதல் சொல்லும் குரலில் சொல்கிறோம். இதனால் இரண்டு தரப்புக்கும் நட்டம். அங்கே போகும் நண்பன் தோற்றவனைப் போலத் தலைகுனிகிறான். போகாத என்னைப் போன்றவர்களோ கை பழகாமலேயே பொறியியலாளர் ஆகிறோம்.

எனவே, மாணவ நண்பர்களே, தொழிற்திறன் கல்லூரியில் படிக்கும் நண்பரிடம் அனுதாபம் காட்டாதீர்கள். அவருடைய வேலையைப் பற்றிக் கேளுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் தையலோ, தச்சோ, பின்னலோ அறிந்திருந்தால், அடுத்த விடுமுறையில் ஒரு வாரத்தை அவருக்குக் கொடுங்கள். கை நடுங்கத் தொடங்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

தாத்தா அந்தப் பழைய வாக்கியத்தை இன்னும் விடவில்லை. இப்போது என் தம்பியிடம் சொல்கிறார். ஆனால், அவன் கையில் இழைப்புளியைக் கொடுத்துவிட்டுத்தான் சொல்கிறார்.