சர்வோ ஆடுதா? போர்டை மாத்தாதீங்க சாமி!

ரெண்டு வாரமா ஆபீஸ்ல ஆணி அதிகம். இந்தப் பக்கமே வரலை. ஆனா இதை எழுதலைன்னா தூக்கம் வராது போலிருக்கு.

கோயம்புத்தூர்லேர்ந்து சித்தி பையன் போன் பண்ணான். ஃபைனல் இயர். ஆறு கால் பூச்சி ரோபோ, காலுக்கு மூணு சர்வோ, மொத்தம் 18. "அண்ணா, பேசாம ரெடிமேட் ப்ராஜெக்ட் ஒண்ணு வாங்கிடறேன். எனக்கு எலக்ட்ரானிக்ஸ் வராதாம்"னான். யாருடா சொன்னதுன்னா, கிட் வித்த கடைக்காரர்! அதுக்குள்ள மூணு டிரைவர் போர்டு மாத்த வெச்சு காசு பார்த்துட்டார்.

என் கோபம் அந்தக் கடைக்காரர் மேல பாதிதான். மீதி நம்மாளுங்க மேல. "பிசிஏ9685 போர்டு ஒண்ணு வாங்குங்க, ரெண்டு ஒயர்ல 16 சர்வோ, 62 போர்டு கோத்தா 992 சர்வோ"ன்னு எழுதறோமே, அதுல பொய் ஒண்ணும் இல்லை. ஆனா அந்த 992-க்கும் கரண்ட் யார் குடுப்பா, உங்க மாமனாரா?

முதல்ல அந்த "டிரைவர்"ங்கற பேரே ஏமாத்து. எல்298 மாதிரி மோட்டார் டிரைவர்னா மோட்டாருக்குப் போற கரண்ட் அந்தச் சிப் வழியாத்தான் போகும். பிசிஏ9685 அப்படி இல்லை. எல்இடி வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கறதுக்காகச் செஞ்ச சிப் அது. சர்வோவுக்கு அது குடுக்கறது வெறும் சிக்னல். 20 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை "இந்தக் கோணத்துக்குத் திரும்பு"ன்னு ஒரு துடிப்பு, அவ்வளவுதான். மோட்டாரை ஓட்டற சர்க்யூட் சர்வோ வயித்துக்குள்ளயே இருக்கு. அதுக்கான கரண்டை நாமதான் வி ப்ளஸ் முனைல தனியா குடுக்கணும்.

பையன் எங்கேர்ந்து குடுத்திருந்தான் தெரியுமா? ஆர்டுயினோ ஊனோவோட 5 வோல்ட் பின்லேர்ந்து! யூஎஸ்பி ஒயர்ல ஓடற ஊனோவுல 500 மில்லி ஆம்ப்புக்கு ஒரு ப்யூஸ் உக்காந்திருக்கு. ஒரு குட்டி எஸ்ஜி90 சர்வோ, திரும்ப முடியாம முட்டி நின்னா அதுவே அரை ஆம்ப்புக்கு மேல இழுக்கும். 18-ம் சேர்ந்து முட்டினா 10 ஆம்ப் தாண்டும்.

அப்புறம் நடக்கறதுதான் கூத்து. எல்லாக் காலும் ஒரே நேரத்துல கிளம்பும், வோல்டேஜ் படுத்துடும், ஊனோ ரீசெட் ஆகும். ரீசெட் ஆனதும் ப்ரோக்ராம் முதல்லேர்ந்து ஓடி, எல்லாக் காலையும் மறுபடி ஆரம்ப நிலைக்குத் திருப்பப் பார்க்கும். மறுபடி படுக்கும். பார்க்கறவனுக்கு ரோபோவுக்குப் பேய் பிடிச்ச மாதிரி இருக்கும். பழி போர்டு மேல, அப்புறம் பையன் மேல.

"போர்டே எதுக்கு, டைமரை வெச்சு நானே ஓட்டுவேன்"னு கிளம்பற சிங்கங்களே, கொஞ்சம் பொறுங்க. ஊனோவுல ஆர்டுயினோவோட சர்வோ லைப்ரரி 12-தான் தாங்கும். நீங்க சொந்தமா கோட் எழுதி 18 ஓட்டிடுவீங்க, சரி. அப்பவும் 10 ஆம்ப் எங்கேர்ந்து வரும்? அதே குழிலதான் விழுவீங்க.

கடைசில என்ன பண்ணோம்? எல்இடி ஸ்ட்ரிப்புக்கு விக்கிற 5 வோல்ட் எஸ்எம்பிஎஸ் ஒண்ணு. தடி ஒயர். ஆளுக்கு ஒம்போது சர்வோன்னு ரெண்டு போர்டு. ரெண்டாவதுல அட்ரஸ் ஜம்பரைப் பத்தவெச்சோம், இல்லேன்னா ரெண்டும் ஒரே பேருக்குத் திரும்பிப் பார்க்கும். எல்லா கிரவுண்டையும் ஒண்ணா கட்டினோம் (இதை மறந்தா மறுபடி பேயாட்டம்தான்). ஸ்டார்ட் ஆகறப்போ ஒவ்வொரு காலா எழுந்திருக்கற மாதிரி கோட்ல மாத்தினான், அது அவனே யோசிச்சது. அந்த மூணு "கெட்டுப்போன" போர்டுல ரெண்டைத்தான் மாட்டியிருக்கோம். ஜம்முனு ஓடுது.

மக்களே, சர்வோ பத்தி எழுதினவங்க எல்லாரும் பழைய பதிவைத் திறந்து, போர்டு பேருக்குப் பக்கத்துலயே எத்தனை ஆம்ப் சப்ளை வேணும்னு ஒரு வரி சேர்த்துடுங்க. என் பழைய பதிவுலயும் அந்த வரி இல்லை. இப்பத்தான் சேர்த்தேன்.