இலிஷ் மீனும் முள்வேலியும்

கொல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்த முதல் வாரம். கிளையில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி கடன் வசூல் பற்றியது அல்ல. "சார், நீங்க மோகன் பகானா, ஈஸ்ட் பெங்காலா?" நான் அப்பாவியாக, "கிரிக்கெட் பார்ப்பேன்" என்றேன். கேஷியர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... வாராக்கடன் லெட்ஜரைப் பார்ப்பது மாதிரி!

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. மோகன் பகான் 1889-ல் தொடங்கிய கிளப். 1911 ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதியில் ஆங்கிலேயப் பட்டாள அணியை 2-1 என்று ஜெயித்தவர்கள். ஈஸ்ட் பெங்கால் 1920-ல் பிறந்தது. பிரிவினைக்குப் பிறகு கிழக்கு வங்கத்திலிருந்து அகதியாக வந்தவர்களுக்கு அதுதான் கொடி. இந்தப் பக்கத்து ஆள் 'கோட்டி'. அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர் 'பாங்கால்'. (எங்கள் நெல்லைப் பக்கம் கோட்டி என்றால் கிறுக்கு. ஆட்ட நாளில் அந்த அர்த்தம் இரண்டு பேருக்கும் பொருந்தும்.)

ஆட்ட நாளில் ஊரே வேறு மாதிரி ஆகிவிடும். மினி லாரிகளில் கொடி கட்டிக்கொண்டு, மேளம் அடித்துக்கொண்டு சால்ட் லேக் ஸ்டேடியத்துக்குப் போவார்கள். ஒரு பக்கம் பச்சையும் மெரூனும், மறுபக்கம் சிவப்பும் மஞ்சளும். மீன் மார்க்கெட்டும் இதில் கூட்டு. ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் இலிஷ், மோகன் பகான் ஜெயித்தால் இறால். 1997 ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியை ஒரு லட்சத்து முப்பதாயிரம் பேருக்கு மேல் இதே ஸ்டேடியத்தில் பார்த்தார்கள். பூட்டியா மூன்று கோல் போட, ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று ஜெயித்தது.

இதைப் பார்த்துவிட்டு "படித்தவர்கள் இப்படியா கத்துவது?" என்று நம்மவர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. வாரம் முழுக்க மேலதிகாரிக்குத் தலையாட்டுகிறவன் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் தொண்டை கிழியக் கத்தினால் என்ன குடி முழுகிவிடும்? ரெஃப்ரியைத் திட்டட்டும், எதிரணி கோல்கீப்பரைக் கேலி செய்யட்டும். காசு கொடுத்துத்தானே டிக்கெட் வாங்கினான்.

ஆனால் ஒரு கோடு இருக்கிறது. 16 ஆகஸ்ட் 1980, ஈடன் கார்டன்ஸில் இந்த இரண்டு அணிகளின் ஆட்டம். காலரியில் அடிதடி, நெரிசல். 16 ரசிகர்கள் செத்துப்போனார்கள். அந்த நாளில் ரத்ததானம் செய்வது இங்கே வழக்கமானது அதனால்தான். 2012 டிசம்பரில் காலரியிலிருந்து வந்த கல் மோகன் பகான் வீரர் ரஹீம் நபியின் முகத்தைப் பதம் பார்த்தது. அவர் முன்பு ஈஸ்ட் பெங்காலுக்கே ஆடியவர்! கல்லெறிவது தப்பு என்று சொல்ல நான் தேவையில்லை, போலீஸ் சொல்லும். நான் சொல்ல வந்தது போலீஸ் பிடிக்காத இன்னொரு கல்லைப் பற்றி.

3 செப்டம்பர் 2023, டுராண்டு கோப்பை இறுதி. பையனைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அவனுக்கு அப்போது பதின்மூன்று வயது. பள்ளி நண்பர்களைப் பார்த்து மோகன் பகான் ஆகிவிட்டவன். ஒருவருக்குச் சிவப்பு அட்டை. பத்துப் பேரோடு ஆடி, பெட்ரடோஸ் அடித்த கோலில் ஜெயித்தார்கள். நானும் நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினேன், ஒப்புக்கொள்கிறேன்.

வரும் வழியில் இறால் வாங்கினோம். எதிர் ஃபிளாட் பெரியவர் பரம ஈஸ்ட் பெங்கால். அவர்கள் ஜெயித்தால் எங்கள் வீட்டுக்கு இலிஷ் வரும், முள் எடுத்துச் சாப்பிடவும் அவரே சொல்லிக் கொடுப்பார். அதனால் வீட்டில் சமைத்ததும் ஒரு கிண்ணத்தில் அவருக்கும் கொடுத்தனுப்பினேன். பையன் கிண்ணத்தை நீட்டிவிட்டு, காலரியில் கற்றுக்கொண்ட வசனத்தை எடுத்துவிட்டான். "தாது, முள்வேலி தாண்டி வந்த வழியே திரும்பிப் போங்க!"

பெரியவர் சிரித்தார். கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். கதவு மட்டும் கொஞ்சம் சீக்கிரம் சாத்திக்கொண்டது.

மறுநாள் காலை கிண்ணத்தைக் கழுவித் திருப்பிக் கொடுக்க வந்தவர் பையனைக் கூப்பிட்டார். "தாதுபாய், ஒரு சின்னத் திருத்தம். நாங்க வந்தது 1950-ல. அப்போ வேலியே கிடையாது. அம்மா இடுப்புல உட்கார்ந்து ரயில்ல வந்தேன். சியால்டா பிளாட்பாரத்துல ரெண்டு மாசம் இருந்தோம்." அவ்வளவுதான். கோபமே இல்லை. பையன் தலை நிமிரவில்லை. எனக்கு அதைவிட வெட்கம். பக்கத்து இருக்கையில் அந்த வசனம் நூறு தடவை ஒலித்தபோது நான் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தேனே!

அதிலும் அந்த வசனம் உண்மையும் இல்லை. மோகன் பகானின் கோஷ்டோ பால் பிறந்தது ஃபரீத்பூர். சாகும்வரை மோகன் பகான்காரராகவே வாழ்ந்த சுனி கோஸ்வாமி பிறந்தது கிஷோர்கஞ்ச். இரண்டு ஊரும் இன்று வங்காளதேசத்தில். ஈஸ்ட் பெங்கால் 1949, 50, 51 என்று தொடர்ந்து மூன்று ஷீல்டு வாங்கியதே, அப்போது 'பஞ்ச பாண்டவர்' என்று பேர் வாங்கிய வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே ஐந்து பேரும் தென்னிந்தியர்கள். வந்தவர்களை எடுத்துவிட்டால் இரண்டு கிளப்பிலும் என்ன மிச்சம் இருக்கும்?

எதிர்ப்பக்கமும் காந்தியவாதிகள் இல்லை, அவர்களிடமும் வசவுகள் உண்டு. ஆனால் தோற்றதைச் சொல்லிக் குத்துவது வேறு, பிறந்த இடத்தைச் சொல்லிக் குத்துவது வேறு. முதலாவது அடுத்த ஆட்டத்தில் தீர்ந்துவிடும். இரண்டாவது தீராது. குடியுரிமைச் சட்டம் கொதித்துக்கொண்டிருந்த ஜனவரி 2020 டெர்பியில், இந்த மண் ரத்தம் கொடுத்து வாங்கியது, காகிதம் கொடுத்து அல்ல என்று ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் பேனர் பிடித்தார்கள். அது வெறும் விளையாட்டுக் கோஷமா, சொல்லுங்கள்.

'மதராசி' என்ற வார்த்தையைக் கேட்டு வளர்ந்த குடும்பங்கள் நாம். 1960-களில் பம்பாயில் இருந்த நம்மவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். நம் பிள்ளை இன்னொருவரைப் பார்த்துத் 'திரும்பிப் போ' என்று சொல்ல நாம் விடலாமா?

இதே ரசிகர்கள்தான் ஆகஸ்ட் 2024-ல் வேறு முகமும் காட்டினார்கள். ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் இளம் மருத்துவர் கொல்லப்பட்ட சமயம். 18-ஆம் தேதி டெர்பி ரத்து. இரண்டு ஜெர்சியும், முகமடன் ஸ்போர்ட்டிங்காரர்களும், ஸ்டேடியம் பக்கத்தில் ஒன்றாக நின்று நியாயம் கேட்டார்கள். தடியடியும் சேர்ந்தே வாங்கினார்கள். பெரியவர் எங்கள் வீட்டு டிவியில்தான் பார்த்தார். பையன் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

ஆக, பிள்ளைகளை ஆட்டத்துக்குக் கூட்டிப் போங்கள். நன்றாகக் கத்தட்டும். ஆனால் பக்கத்து இருக்கையில் என்ன கத்துகிறார்கள் என்று ஒரு காதை அங்கே வைத்திருங்கள். என்னைப் போல வேர்க்கடலை உரித்துக்கொண்டு இருக்காதீர்கள்.

பையன் இன்னமும் மோகன் பகான்தான். இலிஷ் வரும் நாளில் மட்டும் கட்சி மாறிவிடுகிறான்.