ரீஸ்டார்ட் பண்றது ரிப்பேர் இல்ல!

ஹால்ல இருக்கிற ரவுட்டரோட சிக்னல் ரெண்டு சுவர் தாண்டி உள் ரூமுக்கு வராது. கேபிள் இழுக்க வீட்ல சம்மதிக்க மாட்டாங்க. அதனால பவர்லைன் அடாப்டர் ஒரு ஜோடி வாங்கி, கரண்ட் வயர் வழியாவே நெட்டைக் கொண்டுபோய், அந்தப் பக்கம் ஒரு பழைய ரவுட்டரை மாட்டுறோம். முதல் நாள் சூப்பர். மூணாம் நாள் மொபைல்ல வைஃபை ஃபுல்லா காட்டும், ஒரு பேஜ் கூட திறக்காது. எல்லாத்தையும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சரியாயிடும். மறுநாள் திரும்பவும் அதே கதை. கடைசியில, "பெரிய பிளானா மாத்துங்கப்பா"ன்னு போய் நிக்கிறோம்.

காரணம் தெரியாம பண்ற ரீஸ்டார்ட் கோளாறை மறைக்கத்தான் செய்யும் என்பது என் கருத்து. ஏழு லேயரையும் வரிசையா எழுதி மார்க் வாங்குற நாம, வீட்ல ஒரு லேயரைக் கூட தனியா சோதிச்சுப் பார்க்கிறதில்லை.

முதல்ல கோளாறு எந்தப் பக்கம்னு பிரிக்கணும். ரெண்டாவது ரவுட்டரை ஹாலுக்கே கொண்டு வந்து, அடாப்டர் இல்லாம, நேரா லேன் கேபிள்ல முதல் ரவுட்டரோட இணைங்க. ஒரு நாள் அப்படியே ஓடட்டும். அப்பவும் தகராறு வந்தா செட்டிங்ஸ்ல சிக்கல். வரலைன்னா கரண்ட் லைன்ல சிக்கல்.

செட்டிங்ஸ்ல பெரும்பாலும் மாட்டுறது டிஎச்சிபி. ரெண்டு ரவுட்டருமே ஐபி கொடுக்க ரெடியா இருந்தா, யார் பதில் முந்துதோ அதைத்தான் மொபைல் எடுத்துக்கும். முதல் ரவுட்டர் முந்தினா நெட் வரும். ரெண்டாவது முந்தினா, வெளியே போக வழியில்லாத ரவுட்டரையே கேட்வேன்னு நம்பி மொபைல் காத்திருக்கும். ரீஸ்டார்ட் சில நேரம் 'வேலை செய்றது' இந்த அதிர்ஷ்டத்தாலதான்! தீர்வு சுலபம். முதல் ரவுட்டர் 192.168.1.1 என்றால், ரெண்டாவதுக்கு 192.168.1.2 கொடுங்க. அந்த எண் முதல் ரவுட்டர் பகிர்ந்து கொடுக்கிற வரிசைக்குள்ள இருக்கக் கூடாது. ரெண்டாவதுல டிஎச்சிபியை ஆஃப் பண்ணுங்க. கேபிளை வான் போர்ட்ல சொருகாம, லேன் போர்ட்ல சொருகுங்க.

கரண்ட் லைன் பக்கம் முதல் குற்றவாளி ஸ்பைக் பஸ்டர். ஹோம்பிளக் ஏவி வகை அடாப்டர்கள் சுமார் 2 முதல் 28 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகள்ல டேட்டா அனுப்புது. ஃபில்டர் உள்ள ஸ்பைக் பஸ்டர் அதையும் இரைச்சல்னு நினைச்சு அமுக்கிடும். அதனால அடாப்டரை நேரா சுவர் சாக்கெட்ல மாட்டணும். த்ரீ ஃபேஸ் வீடா இருந்தா, ரெண்டு அடாப்டரும் ஒரே ஃபேஸ்ல இருக்கான்னு பாருங்க. ஒண்ணு இன்வெர்ட்டர் லைன்லயும் இன்னொண்ணு நேர் லைன்லயும் இருந்தாலும் தொல்லைதான். உள் ரூம்ல இருந்து முதல் ரவுட்டருக்கு பிங் ஓட விட்டுட்டு, மிக்ஸி, சார்ஜர்னு ஒவ்வொண்ணா ஆன் பண்ணிப் பாருங்க. எது ஓடும்போது பிங் விழுதோ, அதுதான் ஆள். அட்டைப்பெட்டியில 500 எம்பிபிஎஸ்னு போட்டிருக்கேன்னு ஏமாறவும் வேண்டாம். பல மாடல்கள்ல ஈதர்நெட் போர்ட்டே 100 எம்பிபிஎஸ்தான்.

நம்ம லேப்ல சிமுலேட்டர் நெட்வொர்க் எப்பவும் ஒழுங்கா ஓடும், அதனாலதான் நமக்கு கோளாறு பார்க்கத் தெரியல. செமஸ்டருக்கு ஒரு முறையாவது, வேணும்னே கெடுத்து வெச்ச நெட்வொர்க்கைக் கொடுத்து சரி பண்ணச் சொல்லணும். அதுவரைக்கும் வீடுதான் நம்ம லேப். பிளேஸ்மென்ட் ஆன்லைன் டெஸ்ட் நடுவுல நெட் போறதுக்கு முன்னாடி, அப்பா காசுல பிளான் மாத்துறதுக்கு முன்னாடி, அந்த ஒரு கேபிள் டெஸ்ட்டைப் பண்ணிப் பாருங்க மக்களே.