நாடியறிந்து ஓடுதல்

கடக்வாஸ்லாவில் 1955-இல் திறந்துவைக்கப்பெற்ற தேசியப் பாதுகாப்பு அகாடமி, சேர விரும்புவோர் 2.4 கிலோமீட்டர் தூரத்தை 15 நிமிடங்களில் ஓடும் திறனை முன்னரே பெற்றுவருமாறு அறிவுறுத்துகிறது. இதற்கென மாணவர் பலர் நாள்தோறும் மூச்சுத் திணற ஓடுகின்றனர். களைப்பும் கால்வலியுமே இதனால் மிஞ்சுகின்றன.

நாடித்துடிப்பு மிகாமல் நெடுநேரம் ஓடுவதே சாலச் சிறந்தது. அவ்வாறு ஓடுங்கால் தசைகளில் நுண்ணிய இரத்தக்குழாய்கள் பெருகுகின்றன. இருதயம் ஒவ்வொரு துடிப்பிலும் மிகுதியான இரத்தத்தைச் செலுத்தப் பழகுகிறது. நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட், வேகப் பயிற்சிக்கு முன் வாரம் சுமார் 160 கிலோமீட்டர் ஓடச் செய்தார். அவர் மாணவர் பீட்டர் ஸ்நெல் 1960-இல் ரோம் ஒலிம்பிக்கில் 800 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார்.

180-இலிருந்து வயதைக் கழித்து வருவதை உச்சவரம்பாகக் கொள்ளலாம் என்பது பிலிப் மாஃபெட்டோனின் கணக்கு. அதன்படி 18 வயதினருக்கு நிமிடத்துக்கு 162 துடிப்பு. இது தோராயமே, எனினும் தொடக்கத்துக்குப் போதுமானது. ஓட்டத்தை நிறுத்தியவுடன் 15 விநாடி நாடியை எண்ணி நான்கால் பெருக்குக. வரம்பு மீறின் நடக்கச் செய்க. வெயிலில் துடிப்பு உயருமாதலின் காலை வேளையே உகந்தது.

வேக ஓட்டமும் வேண்டுவதே. வாரம் ஒருமுறை போதும். பொறுமையைக் கற்பிப்பதும் உடற்பயிற்சி ஆசிரியரின் கடமையாகும்.