கால்தடம் இருக்கிறது, கள்வன் எங்கே?

தஞ்சைத் தரணியின் உழவனுக்குத் தெரியும்: நள்ளிரவில் எவனோ வந்து மடையை உடைத்துவிட்டுப் போனாலும், விடிந்தால் வரப்புச் சேற்றில் கால்தடம் காட்டிக் கொடுத்துவிடும். கணினியும் அப்படித்தான், தோழர்களே! எந்தக் கோப்பு எப்போது நுழைந்தது, எந்த நிரல் எப்போது இயங்கியது என்று தானே குறித்து வைத்துக்கொள்ளும்.

ஸ்டான் சாமி பாதிரியாரை நினைவிருக்கிறதல்லவா? நம் திருச்சி மாவட்டத்து விரகலூரில் பிறந்து, ஜார்கண்டில் பழங்குடி மக்களுக்காகப் பாடுபட்டவர். 2020 அக்டோபர் 8-ல், 83 வயதில், நடுக்குவாத நோயோடு, பீமா கோரேகான் வழக்கில் கைது செய்தார்கள். ஆதாரம்? அவர் கணினியில் கிடைத்த கடிதங்களாம்! "திருட்டுத்தனமாகப் புகுத்தியவை" என்று கைதாகும் முன்பே மறுத்தார். கேட்டார்களா?

அவருடைய வழக்கறிஞர்களுக்காக அமெரிக்காவின் ஆர்சனல் நிறுவனம் கணினியின் தடங்களை ஆராய்ந்து, 2022 டிசம்பரில் அறிக்கை தந்தது. 2014 அக்டோபர் முதலே, நெட்வயர் என்னும் உளவு நிரல் வழியாக ஊடுருவல்! வெளியிலிருந்து இறக்கியவை 44 ஆவணங்கள். அவற்றை அவர் திறந்து பார்த்ததற்கு அடையாளமே இல்லை.

இன்னொன்றும் கேளுங்கள். 2019 ஜூன் 11-ல் ஊடுருவியவன் அவசர அவசரமாகத் தன் தடங்களை அழிக்கிறான். மறுநாள் ஜூன் 12, புனே போலீஸ் வந்து கணினியைக் கைப்பற்றுகிறது! நாளைக்குச் சோதனை என்று கள்வனுக்குச் சொன்னது யார்? அறிக்கை அவன் பெயரைச் சொல்லவில்லை. கண்டுபிடிப்பது யார் பொறுப்பு? நாம் கேட்கிறோம்.

பாதிரியாருக்கு ஜாமீன் கிடைக்கவேயில்லை. 2021 ஜூலை 5-ல், மும்பை மருத்துவமனையில், கைதியாகவே கண் மூடினார். அறிக்கை வந்தது 17 மாதம் கழித்து.